மேல் மடுவத்தில் ஐம்பத்திரண்டு கிலோ

தனுஷிகாவின் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவள், சூடு பட்டதுபோல் அதைப் பாயில் போட்டாள்.

"மிஸ்... தராசு மெசேஜ் அனுப்புது."

ரோகினி குனிந்து பார்த்தாள். சிறிய திரையில் ஆங்கில எழுத்தில் 'மேல்' என்று, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மேல் மடுவத்தின் பெயர் இருந்தது. அருகில் ஓர் எண். 52.4.

"இண்டைக்கு ஆர் கொழுந்து எடுத்தது?"

"ஒருத்தரும் இல்ல மிஸ். வெள்ளிக்கிழமையிலருந்து ஸ்ட்ரைக்கு. காலையில பேர் பதியிற பெரட்டுக்கே ஆள் போகல."

"அதுலயும் மேல் மடுவம்," என்றான் வாசலில் நின்ற கந்தப்பன். "அந்த மலையவே கவ்வாத்து வெட்டிப் போட்டாச்சு. அங்க இலை ஏது? வெறும் குச்சி. குச்சியத்தான் யாரோ நிறுத்துப் பாக்குறாங்க போல."

அவன் சிரிக்கவில்லை. கந்தப்பன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுபவன். மலைநாட்டில் வழக்கு வந்தால் ரோகினிக்கு உதவியாளன். பயம் ஏற ஏற அவன் வாய் நிற்காது. நேற்றிலிருந்து அது நிற்கவே இல்லை.

மறுபடியும் சிணுங்கியது. 0. பிறகு 52.4. பிறகு 0.

ரோகினி பௌதிகம் படித்தவள். யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் அதைக் கற்பித்தவள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பின்னும் எண்களைக் கண்டால் அவளுக்குத் தைரியம் வரும். இந்த எண்ணைக் கண்டு வரவில்லை.

"கொழுந்துச் சாக்கை ஒருக்கா வைப்பினம், எடுப்பினம். இது ஏறுது, இறங்குது, திருப்பி ஏறுது. அதே நிறை. இது சாக்கு இல்லை, தனுஷி. ஆள்."

தனுஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணன்."

"உங்கட அண்ணா என்ன நிறை?"

"தெரியாது மிஸ். என் பிளவுஸ் தைக்கிற அளவுலதான் அவனுக்கும் சட்டை."

"கல்யாண வீட்டுல மூணு பந்தி உக்காந்தாலும் ஐம்பத்திரண்டத் தாண்ட மாட்டான்," என்றான் கந்தப்பன்.

யோகேஸ்வரன் வியாழக்கிழமை காணாமற்போனான். அக்கரப்பத்தனை டவுனில் கணினி திருத்தும் கடையில் அவனுக்கு வேலை. ஆட்களைக் கடத்திப் போகும் வெள்ளை வேன்களின் காலம் அது. ஓர் இளைஞன் ஓர் இரவு வீடு திரும்பாவிட்டால், மறுநாள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

அவன் இல்லாமற்போனால் நல்லது என்று நினைக்கப் பலருக்குக் காரணம் இருந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று தோட்டங்களுக்கு மின்தராசு விற்றது. அந்தத் தராசில் எண் தெரியாது. அதன் வயரைக் கம்பனியின் பெட்டியில்தான் செருக முடியும். பெட்டியில் கம்பனியின் மென்பொருள்தான் ஓடும். எடை, மேற்பார்வை உத்தியோகத்தரான கண்டாக்கையாவின் ஆபீசில்தான் தெரியும். பறித்த பெண்ணுக்கு அவர் சொன்னதுதான் கிலோ.

யோகேஸ்வரன் அந்தச் செருகியின் ஐந்து முனைகளும் என்ன பேசுகின்றன என்று கண்டுபிடித்தான். பழைய கைபேசி ஒன்றை வைத்து ஒரு பெட்டி செய்தான். தராசில் எது ஏறினாலும், நம்பர் கொடுத்து வைத்தவர்களுக்கு எடை குறுஞ்செய்தியாகப் போகும். அதற்கு எழுதிய நிரலை இணையத்தில் போட்டுவிட்டான். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், பூட்ட மட்டும் கூடாது என்று.

வருகிற திங்கட்கிழமை நுவரெலியாவில் ஒரு கமிட்டி கூடுகிறது. கம்பனியின் செருகியே எல்லாத் தோட்டங்களுக்கும் கட்டாயம் என்று அது முடிவு செய்யப் போகிறது. அரசாங்கத்தோடு நிற்கும், கூடைச் சின்னம் கொண்ட தொழிற்சங்கமான கூடைச் சங்கம் அதற்கு ஆதரவு. எதிரணியில் இருக்கும் கத்திச் சங்கம் எதிர்ப்பு. அங்கே எழுந்து, 'பூட்டில்லாத தராசு இதோ இருக்கிறது' என்று காட்டவிருந்தவன் யோகேஸ்வரன்.

"மேல் மடுவத்தில அவற்ற பெட்டி இருக்கிறது எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அது சோதனைக்கு வச்சது மிஸ். தராசுப் பலகைக்கு அடியில. கவ்வாத்து வெட்டுன அன்னிக்கே பேட்டரி வயர மட்டும் கழட்டி விட்டுட்டான். நானே மறந்துட்டேன்."

"அப்ப இண்டைக்கு ஆரோ திருப்பிப் பொருத்தியிருக்கினம். அதைப் பொருத்தத் தெரிஞ்ச ஆள்."

அவள் நிமிர்ந்தபோது தனுஷிகா வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். கைபேசி காதில் இருந்தது.

"தலைவரே, நான் தனுஷிகாங்க. அண்ணன் மேல் மடுவத்துல இருக்கான்னு தெரிஞ்சிருச்சுங்க!"

மறுமுனையில் கனத்த குரல். எல்லோருக்கும் கேட்டது. "நான் ஹட்டன்ல கூட்டத்துல இருக்கேன் பாப்பா. நீங்க யாரும் போயிறாதீங்க. பயலுகள அனுப்புறேன். அது சரி, எப்புடித் தெரிஞ்சுச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் சிக்னல் அறுந்தது.

"ஏன் சொன்னனீர்?" என்றாள் ரோகினி.

"தலைவருக்குச் சொல்லாம எப்புடிங்க மிஸ்?"

உண்மையாகவே புரியாமல் கேட்டாள். லயத்தில் பிள்ளை பிறந்தாலும், போலீஸ் வந்தாலும், யாராவது செத்தாலும், முதல் சொல் சங்கத் தலைவருக்குத்தான் போகும். மருதபிள்ளை கத்திச் சங்கத்தின் மாவட்டத் தலைவர். யோகேஸ்வரனைத் தேடித் தா என்று வேலைநிறுத்தம் அறிவித்தவர். ஒலிபெருக்கியில் அவனுக்காக அழுதவர்.

"கந்தப்பன், ஆட்டோவை எடும்."

"தலைவரு போகாதீங்கன்னாரு."

"அதாலதான் போகவேணும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மத்தியானம் என்று சொன்னால் நம்ப முடியாது. முன்விளக்கு வெளிச்சம் வெள்ளைச் சுவரில் முட்டி நின்றது. கந்தப்பன் தலையை வெளியே நீட்டி ஓட்டினான்.

"ரோட்டத் தெரியுதா?" என்றாள் தனுஷிகா.

"ரோடு தெரியல. ரோட்டுக்கு நம்மளத் தெரியும்."

கைபேசி சிணுங்கியது. தனுஷிகா படித்தாள். பிறகு மெல்லிய குரலில் மறுபடியும் படித்தாள். "நூத்தி முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."



"ரெண்டு பேர்," என்றாள் ரோகினி. "அவருக்குப் பக்கத்தில இன்னொராள் இருக்கிறார்."

"தராசு மேலயா? அங்க போயி எவன் உக்காருவான்?"

"அந்த மடுவத்தில வேற என்ன இருக்கு, தனுஷி? வாங்கு, கதிரை, குந்திறதுக்கு ஏதும்?"

"ஒண்ணுமில்ல மிஸ். ஈர சிமெண்டுத் தரை. தராசுப் பலகை மட்டுந்தான் காஞ்சு கெடக்கும்."

சந்தியில் ஆட்டோ வேகம் குறைந்தது. தெரிந்த ஆட்கள் இருவர் ஏணி வைத்து, கம்பத்துக்குக் கம்பம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் வெள்ளைக் கொடிகள். மூட்டத்தில் கொடிகள் தெரியவில்லை, அசைவு மட்டும் தெரிந்தது.

"யாருண்ணே செத்தது?" என்று கேட்டான் கந்தப்பன்.

"தெரியலப்பா. தலைவர் ஆபீஸ்ல கட்டச் சொன்னாங்க. நாளைக்குத் தேவப்படுமாம்."

நாளைக்குச் சாகப் போகிறவருக்கு இன்றே கொடி. கந்தப்பன் ஆட்டோவை எடுத்தான். முதன்முறையாக அவன் ஒன்றும் சொல்லவில்லை. தனுஷிகா பின்னால் திரும்பி, அந்தக் கயிறு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

கைபேசி. 0.

கைபேசி. 78.8.

"அண்ணன் எங்க மிஸ்?" அவள் திரையை ரோகினியிடம் நீட்டினாள். "ஐம்பத்திரண்டு எங்க?"

கந்தப்பன் பிரேக்கை அழுத்தினான். ஆட்டோ ஈர மண்ணில் சறுக்கி நின்றது.

"மிஸ், இந்தக் கிலோவ எனக்குத் தெரியும்."

"கிலோவைத் தெரியுமோ?"

"போன வாரம் தலைவருக்குப் பொறந்தநாளு. கோயில் வாசல்ல ஒரு தட்டுல அவர உக்கார வச்சு, மறு தட்டுல எடைக்கு எடை கொழுந்து கொட்டுனாங்க. எழுபத்தொன்பது கிலோன்னு மைக்குல கூவுனாங்க. கூட்டமே கை தட்டுச்சு. கொழுந்த பேக்டரிக்கு ஏத்திக்கிட்டுப் போனது நானு. ஏத்தத்துல என் வண்டி என்னையத் திட்டுச்சு."

ரோகினி கண்ணை மூடினாள். "எழுபத்தொன்பது கிலோவில இந்த மலையில கன பேர் இருப்பினம். முடிவெடுக்க அது காணாது."

"தலைவரு மாதிரி தரையில உக்காரவே மாட்டேங்கிறவரு எத்தன பேரு இருப்பாங்க?"

"அதுவும் காணாது. ஆனா..." அவள் விரல்கள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தன. "இடத்தை நாங்கள் ஒராளுக்குத்தான் சொன்னனாங்கள். சொன்ன கையோட ரெண்டாவது ஆள் ஏறியிருக்கிறார். ஹட்டனில இருந்து தலவாக்கலை சுத்தி இந்த மூட்டத்துக்குள்ள ஆர் அவ்வளவு கெதியா வரேலும்? அவர் ஹட்டனில இல்லை. டெலிபோன் எடுக்கேக்கையே அந்த மடுவத்து வாசலில நிண்டவர்."

தனுஷிகா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மூட்டத்துக்குள் ஏறத் தொடங்கினாள்.

"தனுஷி! நில்லும்!"

"நான்தானே மிஸ் சொன்னேன்," என்று மட்டும் குரல் வந்தது. ரோகினியும் கந்தப்பனும் பின்னால் ஓடினார்கள்.

கவ்வாத்து வெட்டிய மலையில் மறைவு கிடையாது. முழங்கால் உயரக் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியும் சீவப்பட்டிருந்தது. அந்தக் குச்சிகளுக்கு நடுவில், கறுத்த தகரக் கூரையோடு மேல் மடுவம் நின்றது. கதவு திறந்திருந்தது.

மருதபிள்ளை தராசுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கம்பளிக் கோட். தனியாக இருந்தார்.

"வா பாப்பா," என்றார் சோகமாக. "இப்பத்தான் வந்தேன். உள்ள ஒருத்தனும் இல்ல. யாரோ உனக்குப் பொய் சொல்லிட்டாங்க."

"ஹட்டனில இருந்து நல்லாக் கெதியா வந்திட்டியள்," என்றாள் ரோகினி.

அவர் எழுந்தார். தனுஷிகாவின் கையில் கைபேசி சிணுங்கியது. அவர் அதைப் பார்த்தார். யோசித்தார். மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். கைபேசி சிணுங்கியது. எழுந்தார். சிணுங்கியது.

குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது சோகம் போயிருந்தது.

"கெட்டிக்காரப் பய," என்றார். "எண்ணு தெரியாத தராசுன்னுதானே எல்லாரும் நெனச்சோம். டேய், கூட்டிட்டு வாங்கடா."

மடுவத்தின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பேர் யோகேஸ்வரனை இழுத்து வந்தார்கள். வாயில் துண்டு கட்டியிருந்தது. ஒருவன் கையில் கவ்வாத்துக் கத்தி. அந்தக் கத்தியால் ஒரே வீச்சில் கட்டை விரல் தடிமன் கிளையைச் சீவலாம். தனுஷிகா ஓர் அடி எடுத்து வைத்தாள். கத்தி சற்றே உயர்ந்தது. அவள் நின்றாள்.

"அந்தத் துண்டை எடுக்கச் சொல்லுங்கோ," என்றாள் ரோகினி. 

மருதபிள்ளை தலையசைத்தார். துண்டு அவிழ்ந்தது.

"நானாத்தான் வந்தேன் தனுஷி," என்றான் யோகேஸ்வரன். உதடு வெடித்திருந்தது. "வேன் தேடுது, ரெண்டு நாளைக்கு ஒளிஞ்சிருன்னு சொன்னாரு. நம்புனேன். இன்னிக்குக் காலையில போறேன்னேன். விட மாட்டேன்னாரு."

"எதுக்காக?" ரோகினி மருதபிள்ளையைக் கேட்டாள். "கம்பனிக்கு எதிராக் கதைக்கப் போறவர்தானே. உங்கட பக்கம்தானே."

"நம்ம பக்கமா? அந்தப் புரோகிராமுக்கு நம்ம சங்கத்துப் பேர வைடான்னேன். நம்ம கொடிய அதுல போடுடான்னேன். யாருக்கும் சொந்தமில்ல, கூடைக்காரனும் எடுத்துக்கலாங்கிறான். இதக் கேட்டுட்டு எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்?" அவர் அவளிடம் கணக்கு விளக்குவதுபோலப் பேசினார். "திங்கக்கிழமை இவன் போயிப் பேசிட்டான்னு வைங்க. கம்பனிக்காரன் தோத்துருவான். சண்டை முடிஞ்சிரும். தேர்தல் வரைக்கும் எனக்குச் சண்டை வேணும் மிஸ். காணாமப் போன பயலுக்காக மூணு தோட்டம் வேலைக்குப் போகல. கெடைச்ச பயலுக்காக எவன் நிப்பான்?"

"அதுக்கு வெள்ளைக் கொடியோ?"

அவர் கையை நீட்டினார். "போனக் குடு பாப்பா."

தனுஷிகா பின்வாங்கினாள். கத்திக்காரன் யோகேஸ்வரனை விட்டுவிட்டு அவளை நோக்கி வந்தான். கந்தப்பன் இருவருக்கும் நடுவில் போய் நின்றான். 

"அண்ணே, வெட்டுறதுன்னா பாத்து வெட்டுங்க. ஆட்டோவுக்கு இன்னும் லீசிங் முடியல. நான் செத்தா லீசிங்காரன் உங்கள்ட்டத்தான் வருவான்."

 கத்தி மேலே போனது. ரோகினி தனுஷிகாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யோசிக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அப்போது மூட்டத்துக்குள் சத்தம் கேட்டது.

முதலில் காலடிகள். பல காலடிகள். பிறகு பெண் குரல்கள், கீழேயிருந்து, வலப்பக்கத்திலிருந்து, இடப்பக்கத்திலிருந்து.

"கருங்காலி! ஏ கருங்காலி! வெளிய வாடி!"

"ஸ்ட்ரைக்குல கொழுந்து நிறுக்கிறியா? ஊரே பட்டினி கெடக்குது, நீ ஒளிஞ்சு நிறுக்கிறியா?"

மூட்டம் கிழிந்து ராசம்மா வந்தாள். மூன்றாம் லயத்துக்காரி. ஒரு கையில் விறகுக் கட்டை, மறு கையில் கைபேசி. அவளுக்குப் பின்னால் பத்து, இருபது பெண்கள். இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.

ரோகினிக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. பெட்டி எத்தனை நம்பர்களுக்குச் செய்தி அனுப்பும் என்று அவள் கேட்கவே இல்லை. கவ்வாத்துக்கு முன்பு இந்த மலையில் கொழுந்து பறித்த எல்லாப் பெண்களும் நம்பர் கொடுத்திருந்தார்கள். வேலைநிறுத்த நாளில், மூன்று லயத்துக் காம்பரா அறைகளிலும் அந்த எண்கள் சிணுங்கியிருக்கின்றன. கூடைச் சங்கத்து ஆட்கள் வேறு மலையில் கள்ளத்தனமாகக் கொழுந்து பறித்து, இங்கே கொண்டுவந்து நிறுக்கிறார்கள் என்று நினைத்து, அடிக்க வந்திருக்கிறார்கள்.

"எவ அவ, ஒத்தச் சாக்குல நூத்தி முப்பத்தோரு கிலோ கொண்டாந்தவ?" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்த ராசம்மா நின்றாள். தராசைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் நின்ற வேட்டியைப் பார்த்தாள். "தலைவரே? நீங்களா நிறுக்கிறீங்க?"

கத்தி கீழே இறங்கிவிட்டது. மருதபிள்ளைக்கு ஒரு மூச்சு நேரம்தான் தேவைப்பட்டது. இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ஆத்தா! கண்டுபிடிச்சிட்டேன்! நம்ம புள்ளைய மீட்டுட்டேன்! கூடைக்காரன் ஒளிச்சு வச்ச நம்ம புள்ள..." கண்ணீர்கூட வந்தது. யோகேஸ்வரனை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். "சொல்லுடா தம்பி. எல்லாருக்கும் சொல்லு."

அணைத்த கை அவன் பிடரியில் அழுந்தியிருந்தது. ரோகினி அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் இன்றிரவு மாலையும் ஊர்வலமும் அவனுக்குத்தான். தங்கை பிழைப்பாள். நிரலின் மேல் கத்திச் சங்கத்தின் கொடி ஏறும். பெண்களில் சிலர் ஏற்கெனவே அழத் தொடங்கியிருந்தார்கள்.

யோகேஸ்வரன் வாயைத் திறந்தான்.  ராசம்மாவைப் பார்த்தான்.

"இவருதான் ராசம்மாக்கா," என்றான். "என்னைய வச்சிருந்தது இவருதான்."

யாரும் கத்தவில்லை. யாரும் கட்டையை ஓங்கவில்லை. அந்த அமைதி ரோகினியை இன்னும் பயமுறுத்தியது. இந்தப் பெண்களின் தாய்மாரும் கத்திச் சங்கத்துக்குத்தான் சந்தா கட்டினார்கள். அவர்கள் நம்பாமல் போகலாம். நம்பியும் பேசாமல் போகலாம்.

"பய பயந்து போயிப் பேசுறான்," என்றார் மருதபிள்ளை.

ராசம்மா யோகேஸ்வரனின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். கத்திக்காரனைப் பார்த்தாள். அவன் அவளுக்கு அக்கா மகன் முறை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கைய எடுங்க தலைவரே," என்றாள்.

அவர் எடுக்கவில்லை. பெண்கள் நெருங்கினார்கள். ஒருத்தியும் அவரைத் தொடவில்லை. யோகேஸ்வரனுக்கும் அவருக்கும் இடையில் தோளை நுழைத்து நின்றாள் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அவர் கை யார் தோளிலும் இல்லை. யோகேஸ்வரன் முக்காடு போட்ட தலைகளுக்கு நடுவில் மறைந்துவிட்டான்.

மருதபிள்ளை வேட்டியை உதறினார். ரோகினியைக் கடந்து போகும்போது நின்றார். "திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு மிஸ்," என்றார் மரியாதையாக. அவரும் அவர் ஆட்கள் இருவரும் மூட்டத்துக்குள் இறங்கினார்கள். கீழே எங்கோ ஜீப் ஒன்று கிளம்பியது. அது போய்விட்டதா, சந்தியில் நின்றுவிட்டதா என்று கேட்கவில்லை.

கந்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யோகேஸ்வரனைக் கொழும்புக்குக் கொண்டு போறன்," என்றாள் ரோகினி. "இப்பவே. ஆட்டோவில."

"சந்தியத் தாண்ட மாட்டீங்க மிஸ்," என்றாள் ராசம்மா. "திங்கக்கிழமை காலையில நுவரெலியாவுல அவன் நிப்பான். நாங்க கொண்டாந்து விடுறோம். அது வரைக்கும் எங்க காம்பராக்கள்ல இருப்பான்."

"எந்தக் காம்பராவில? நான் ஒழுங்கு செய்யவேணும். பாதுகாப்புக்கு..."

ராசம்மா தலையாட்டினாள். தனுஷிகாவைக்கூட அவள் பார்க்கவில்லை. "இவளுக்கே சொல்ல மாட்டோம். இன்னிக்கு ஒரு எடத்த ஒருத்தருக்குச் சொன்னது போதும். கோவிச்சுக்காதீங்க."

பெண்கள் கலைந்தார்கள். ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு கும்பலாக. எல்லோர் தலையிலும் முக்காடு. எந்தக் கும்பலில் யோகேஸ்வரன் போனான் என்று ரோகினி பார்க்க முயன்றாள். ஒரு தலை மட்டும் சற்று உயரமாக, சற்றுத் தயக்கமாக நடப்பதுபோல் இருந்தது. அவள் இரண்டடி முன்னால் போனாள்.

கந்தப்பன் தரையில் இருந்தபடியே அவள் சேலை நுனியைப் பிடித்தான்.

"மிஸ்," என்றான். "இத மட்டும் கண்டுபிடிச்சிராதீங்க."